அவசரகால மருத்துவ உதவியாளர் பயிற்சி: அடிப்படை அறிவு உருவான வரலாறு

விபத்து, மாரடைப்பு, பிரசவம், பாம்புக்கடி போன்ற நெருக்கடிகளில் நோயாளி இருக்கும் இடத்துக்கே சென்று, முதற்கட்டச் சிகிச்சை அளித்து, அவரை உயிருடன் மருத்துவமனையில் சேர்ப்பவர் அவசரகால மருத்துவ உதவியாளர் ஆவார். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இவரை இ.எம்.டி. என்றும் அழைப்பர். இவர் மருத்துவர் அல்லர். செவிலியராக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனாலும் உயிருக்குப் போராடும் ஒருவருக்கு முதல் சில நிமிடங்களில் செய்ய வேண்டியவை பெரும்பாலும் இவர் கையில்தான் உள்ளன.

இன்று இப்பயிற்சியில் சேரும் மாணவர் முதல் சில வாரங்களில் கற்பவை குறிப்பிட்ட சில பாடங்களே: நிகழ்விடத்தின் பாதுகாப்பு, மூச்சுப்பாதையைத் திறத்தல், சுவாசம் அளித்தல், இரத்தப்போக்கை நிறுத்துதல், நெஞ்சை அழுத்தி இதயத்தை இயக்குதல், எலும்பு முறிவுக்குச் சிம்பு வைத்துக் கட்டுதல், நோயாளியைப் பாதுகாப்பாகத் தூக்கிச் செல்லுதல். இவை ஒரே நாளில் ஒருவரால் தொகுக்கப்பட்டவை அல்ல. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் போர்க்களங்களிலும் சாலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. மருத்துவப் பட்டம் இல்லாத ஒருவரிடம் ஓர் உயிரை ஒப்படைக்கலாமா என்ற கேள்வி இந்த வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

போர்க்களத்தில் தொடக்கம்

காயம்பட்டவரை முறையாக அப்புறப்படுத்தும் ஏற்பாடு முதலில் படைகளில்தான் தோன்றியது. 1790களில் பிரெஞ்சுப் படையின் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் ஜான் லாரே, சண்டை ஓயும்வரை காயம்பட்டோர் களத்திலேயே கிடந்து இறப்பதைக் கண்டார். விரைந்து செல்லும் குதிரைப் பீரங்கி வண்டிகளைப் பார்த்து, அதே வேகத்தில் காயம்பட்டோரை ஏற்றிவரும் இலகுவான வண்டிகளை அவர் அமைத்தார். இவை ‘பறக்கும் ஆம்புலன்ஸ்’ எனப் பெயர் பெற்றன. பதவியையோ படைத்தரத்தையோ பாராமல், காயத்தின் கடுமையைக் கொண்டே யாருக்கு முதலில் சிகிச்சை என்பதை முடிவு செய்ய வேண்டும் என்பதும் அவர் வகுத்த நெறி. பலர் ஒரே நேரத்தில் காயமடையும் பெருவிபத்துகளில் இன்று பின்பற்றப்படும் வகைப்படுத்தும் முறைக்கு இதுவே வித்து.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862-இல், ஜொனத்தன் லெட்டர்மன் என்ற படை மருத்துவர் ஆம்புலன்ஸ் வண்டிகளுக்கெனத் தனிப் பிரிவை உருவாக்கினார். அதற்கு முன்பு காயம்பட்டோர் நாள்கணக்கில் களத்தில் கிடந்தனர். வண்டி, வண்டியோட்டி, தூக்குவோர் ஆகிய அனைவரும் மருத்துவத் துறையின் கட்டுப்பாட்டில் வந்த பிறகு நிலைமை மாறியது. அக்காலத்தில் இங்கிலாந்தில் பொதுமக்களுக்கு முதலுதவி கற்பிக்கும் முயற்சியும் தொடங்கியது. 1877-இல் அங்கு நிறுவப்பட்ட செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம், தொழிலாளர்களுக்கும் காவலர்களுக்கும் முதலுதவி வகுப்புகள் நடத்தியது. பின்னர் இது இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகளுக்கும் பரவியது.

அமரர் ஊர்தியே ஆம்புலன்ஸ்

போர்க்களத்தில் கற்ற பாடம் நகரச் சாலைகளுக்கு எளிதில் வந்து சேரவில்லை. நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனை 1869-இலேயே குதிரை வண்டி ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கியது உண்மைதான். ஆனால் நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் அமெரிக்காவின் பெரும்பகுதியில் ஆம்புலன்ஸ் என்பது ஆளைத் தூக்கிச் செல்லும் வண்டியாக மட்டுமே இருந்தது. 1960களின் நடுவில் அந்நாட்டு ஆம்புலன்ஸ் சேவைகளில் ஏறத்தாழ பாதியை, சவ அடக்கம் செய்யும் தொழில் நடத்துவோர் வைத்திருந்தனர். ஒருவரைப் படுத்த நிலையில் ஏற்றிச் செல்லும் வசதி அவர்களுடைய வண்டிகளில் இருந்ததே இதற்குக் காரணம். அமரர் ஊர்தியும் ஆம்புலன்ஸும் பல ஊர்களில் ஒன்றாகவே இருந்தன.

வண்டியில் வருவோர்க்குப் பயிற்சி தேவை என்று பெரும்பாலான இடங்களில் சட்டம் எதுவும் இல்லை. நோயாளி பின்புறம் தனியாகக் கிடப்பார். ஓட்டுநர் முன்புறம் அமர்ந்து வேகமாக ஓட்டுவார். பல நகரங்களில் காவல்துறை வண்டிகளே இவ்வேலையைச் செய்தன. வேகமே சிகிச்சை என்ற எண்ணம் நிலவிய காலம் அது.

முதல் பாடம்: மூச்சு

இன்றைய பயிற்சியின் முதல் பாடமான மூச்சுப்பாதை பற்றிய அறிவு 1950களில் உறுதிப்பட்டது. அதுவரை நீரில் மூழ்கியவர்களுக்கும் மூச்சு நின்றவர்களுக்கும், முதுகை அழுத்தியோ கைகளை உயர்த்தித் தாழ்த்தியோ செயற்கை சுவாசம் அளிக்கும் முறைகளே கற்பிக்கப்பட்டன. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மயக்கவியல் மருத்துவர் பீட்டர் சஃபார், இம்முறைகளின் பயனை ஐயுற்றார். பால்டிமோரில் அவர் நடத்திய ஆய்வுகளில், தாமாக முன்வந்தவர்களுக்கு மயக்கமும் தசைத் தளர்ச்சியும் தரும் மருந்துகள் கொடுக்கப்பட்டு, அவர்களின் சுவாசம் நிறுத்தப்பட்டது. பின்னர் பல்வேறு முறைகளில் அவர்களுக்குக் காற்று செலுத்தப்பட்டு அளவிடப்பட்டது.

முடிவுகள் தெளிவாக இருந்தன. நினைவிழந்து மல்லாந்து கிடப்பவரின் நாக்கு பின்னோக்கிச் சரிந்து தொண்டையை அடைத்துவிடுகிறது. அந்த நிலையில் முதுகையோ நெஞ்சையோ அழுத்தினாலும் போதிய காற்று உள்ளே செல்வதில்லை. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, தாடையை உயர்த்தினால் பாதை திறக்கிறது. அதன் பிறகு வாயோடு வாய் வைத்து ஊதினால் நுரையீரல் நிரம்புகிறது. ஊதுபவர் வெளிவிடும் காற்றில் உள்ள ஆக்சிஜனே ஒருவரை உயிருடன் வைத்திருக்கப் போதுமானது என்பதை ஜேம்ஸ் ஈலம் என்ற மருத்துவர் முன்பே காட்டியிருந்தார்.

சஃபாரின் ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. அச்சோதனைகளில் காற்று ஊதியவர்களில் மருத்துவம் அறியாத சாதாரண மக்களும் இருந்தனர். சிறிது நேரம் செய்து காட்டியதுமே அவர்கள் அதைச் சரியாகச் செய்தனர். உயிர்காக்கும் ஒரு செயலை மருத்துவர் அல்லாதவருக்கும் கற்றுத்தர முடியும் என்பதற்கு அது கண்முன் கிடைத்த சான்று.

இதயம்

1960-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர், நெஞ்சைத் திறக்காமலேயே வெளியிலிருந்து அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தொடரச் செய்யலாம் என்று ஆய்வு வெளியிட்டனர். இவர்களுள் கூவன்ஹோவன் மருத்துவர் அல்லர், மின்பொறியாளர். நாய்களிடம் நடத்திய சோதனையின்போது, மின்னதிர்ச்சி தரும் கனமான தகடுகளை நெஞ்சில் அழுத்தியதுமே இரத்த அழுத்தம் சற்று உயர்வதை நிக்கர்பாக்கர் கவனித்ததே இக்கண்டுபிடிப்பின் தொடக்கம். சஃபாரின் மூச்சளிக்கும் முறையும் இவர்களின் நெஞ்சழுத்த முறையும் இணைந்ததே சி.பி.ஆர். எனப்படும் இதய நுரையீரல் இயக்க மீட்பு. மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் ஆகிய மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு ‘ஏ, பி, சி’ என்ற வரிசை நிலைபெற்றது. அதே காலத்தில் நார்வே நாட்டுப் பொம்மை உற்பத்தியாளர் ஆஸ்முண்ட் லேர்டால், பயிற்சிக்கான மனித உருவப் பொம்மையை உருவாக்கினார். இன்றும் பயிற்சி வகுப்புகளில் மாணவர்கள் முதலில் கைவைப்பது இத்தகைய பொம்மையின் நெஞ்சில்தான்.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்ற இதய மருத்துவர் இன்னொரு சிக்கலைக் கவனித்தார். மாரடைப்பால் இறப்போரில் பலர் மருத்துவமனையை அடையும் முன்பே, முதல் சில மணி நேரங்களில் இறந்துவிடுகின்றனர். ஆகவே சிகிச்சையை நோயாளியிடம் கொண்டு செல்ல வேண்டும் என்று அவர் கருதினார். 1966-இல் ராயல் விக்டோரியா மருத்துவமனையிலிருந்து இதயச் சிகிச்சை ஆம்புலன்ஸ் ஒன்று இயங்கத் தொடங்கியது. கார் மின்கலங்களால் இயங்கிய அதன் மின்னதிர்ச்சிக் கருவி ஏறத்தாழ 70 கிலோ எடை கொண்டது. ஆனால் அந்த வண்டியில் மருத்துவர் சென்றார். மருத்துவர் இல்லாமலும் இதைச் செய்ய இயலுமா என்ற கேள்விக்கு அங்கு விடை கிடைக்கவில்லை.

1966 அறிக்கை

1966 செப்டம்பரில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகமும் தேசிய ஆராய்ச்சி மன்றமும் விபத்து மரணங்களையும் ஊனங்களையும் பற்றிய ஓர் அறிக்கையை வெளியிட்டன. விபத்துக் காயத்தை, நவீனச் சமூகம் புறக்கணித்த நோய் என்று அது வருணித்தது. 1965-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் 5.2 கோடி விபத்துக் காயங்கள் நேர்ந்தன. 1,07,000 பேர் இறந்தனர். 4,00,000 பேர் நிரந்தர ஊனமடைந்தனர். இறந்தோரில் 49,000 பேர் மோட்டார் வாகன விபத்துகளில் உயிரிழந்தவர்கள்.

அறிக்கையில் இடம்பெற்ற ஓர் ஒப்பீடு பலரை அதிரவைத்தது. கொரியாவிலும் வியட்நாமிலும் பணியாற்றித் திரும்பிய வல்லுநர்கள், கடுமையாகக் காயம்பட்டால் சாதாரண நகரத் தெருவைவிடப் போர்க்களத்தில் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்று கூறியிருந்தனர். களத்தில் பயிற்சி பெற்ற படைமருத்துவ உதவியாளர் இருந்தார். தெருவில் அவ்வாறு எவரும் இல்லை. அதே ஆண்டில் நிறைவேறிய நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம், அவசர மருத்துவச் சேவைக்கான தரங்களை வகுக்க வழி செய்தது. இதனால்தான் அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் பணியாளர் பயிற்சி, சுகாதாரத் துறையில் அல்லாமல் போக்குவரத்துத் துறையில் வேரூன்றியது.

பிட்ஸ்பர்க்கின் ஃபிரீடம் ஹவுஸ்

பீட்டர் சஃபார் 1961-இல் பிட்ஸ்பர்க் நகரில் பணியேற்றார். 1966-இல் அவருடைய பதினொரு வயது மகள் எலிசபெத் ஆஸ்துமா தாக்குதலால் இறந்தாள். மருத்துவமனைக்கு வெளியே தகுந்த சிகிச்சை கிடைப்பதற்காக உழைக்கும் உறுதி அவருக்கு வலுப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநர் டேவிட் லாரன்ஸ் பொதுக்கூட்டம் ஒன்றில் மயங்கி விழுந்தார். காவல்துறை வண்டியில் கொண்டு செல்லப்பட்ட அவர், மூளைக்கு ஆக்சிஜன் போதாமல் போனதால் நினைவு திரும்பாமலேயே இறந்தார். மாநிலத்தை ஆண்டவருக்கே இந்த நிலை என்றால் ஏழை மக்களின் நிலை எளிதில் விளங்கும்.

அந்நகரின் ஹில் டிஸ்டிரிக்ட் என்ற கறுப்பின மக்கள் பகுதியில், ஆம்புலன்ஸ் கேட்டு அழைத்தால் காவல் வண்டி வரும் அல்லது வராது. அறக்கட்டளை ஒன்றின் தலைவரான பில் ஹாலன், அப்பகுதியில் இயங்கிய ஃபிரீடம் ஹவுஸ் என்ற அமைப்பு, சஃபார் ஆகியோர் 1967-இல் ஒன்றிணைந்தனர். அப்பகுதியின் வேலையற்ற இளைஞர்களையே தேர்ந்தெடுத்து ஆம்புலன்ஸ் பணிக்குப் பயிற்றுவிப்பது திட்டம். அவர்களில் சிலர் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள். சிலர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள். ஏறத்தாழ 300 மணி நேரப் பயிற்சியில் உடற்கூறு, உடலியங்கியல், சி.பி.ஆர்., முதலுதவி, வாகனம் ஓட்டும் முறை ஆகியவை கற்பிக்கப்பட்டன. மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் அறுவை அரங்கிலும் அவர்கள் நேரில் பயின்றனர்.

1968-இல் சேவை தொடங்கியது. முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 5,800 அழைப்புகளுக்கு அவர்கள் விரைந்தனர். ஏறத்தாழ 200 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாகச் சஃபார் கணக்கிட்டார். 1974-இல் மருத்துவர் நான்சி கரோலின் இதன் மருத்துவ இயக்குநரானார். அவர் பணியாளர்களுடன் வண்டியிலேயே சென்றார். ஒவ்வோர் அழைப்பையும் அவர்களோடு அலசினார். தொண்டையில் குழாய் செலுத்துதல், இதயத் துடிப்பு வரைவைப் படித்தல், இரத்தநாளத்தில் மருந்து ஏற்றுதல் போன்ற உயர்நிலைத் திறன்களையும் அவர்கள் கைக்கொண்டனர். தேசிய அளவிலான பாராமெடிக் பாடத்திட்டத்தை நான்சி கரோலின் இந்த அனுபவத்தைக் கொண்டே எழுதினார். அத்திட்டம் முதலில் சோதிக்கப்பட்டதும் ஃபிரீடம் ஹவுஸில்தான்.

1975 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகராட்சி தனது சொந்தச் சேவையைத் தொடங்கியதும் ஃபிரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. அதன் பணியாளர்கள் நகராட்சிச் சேவையில் சேர்த்துக்கொள்ளப்பட்டாலும், பலர் கீழ்நிலை வேலைகளுக்குத் தள்ளப்பட்டனர். அவர்களைவிட அனுபவம் குறைந்த வெள்ளையர்கள் மேலே அமர்த்தப்பட்டனர். சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலோர் வெளியேறினர். அவர்கள் உருவாக்க உதவிய பாடங்கள் நாடெங்கும் கற்பிக்கப்பட்டன. அவர்களுடைய பெயர் நெடுங்காலம் பாடநூல்களில் இடம்பெறவில்லை.

பாடத்திட்டம் வடிவம் பெறுதல்

அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் ஆதரவில், ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கான 81 மணி நேர அடிப்படைப் பாடத்திட்டம் 1971 அளவில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் எலும்பு அறுவை மருத்துவர்களின் அமெரிக்கக் கழகம் இப்பணிக்கான பாடநூலை வெளியிட்டது. ஆரஞ்சு நிற அட்டையால் அது ‘ஆரஞ்சுப் புத்தகம்’ என்றே அறியப்பட்டது. தேசியப் பதிவகம் 1970-இல் நிறுவப்பட்டுத் தகுதித் தேர்வுகளை நடத்தத் தொடங்கியது.

ஆம்புலன்ஸ்களில் காணப்படும் ஆறு முனை நீல நட்சத்திரச் சின்னம் 1977-இல் பதிவு செய்யப்பட்டது. அதன் ஆறு முனைகளும் இப்பணியின் ஆறு கட்டங்களைக் குறிக்கின்றன: நெருக்கடியைக் கண்டறிதல், தகவல் தெரிவித்தல், விரைந்து செல்லுதல், நிகழ்விடச் சிகிச்சை, பயணத்தின்போது சிகிச்சை, மருத்துவமனையில் ஒப்படைத்தல். இவற்றுள் ஒன்று அறுந்தாலும் மற்றவற்றின் பயன் குறைந்துவிடும். நடுவில் உள்ள பாம்பு சுற்றிய கோல், கிரேக்கரின் மருத்துவக் கடவுளான அஸ்கிலிப்பியசுக்கு உரியது.

நோயாளியை மதிப்பிடும் முறையும் இக்காலத்தில் சீர்பெற்றது. 1974-இல் கிளாஸ்கோ நகர மருத்துவர்களான டீஸ்டேலும் ஜென்னட்டும், நினைவுநிலையை எண்ணால் குறிக்கும் அளவுகோலை வெளியிட்டனர். கண் திறத்தல், பேச்சு, உடலசைவு ஆகிய மூன்றையும் பார்த்து மதிப்பெண் இடும் இம்முறையில், இன்றைய வழக்கப்படி முழு நினைவுக்கு 15, ஆழ்ந்த நினைவிழப்புக்கு 3. ‘மயக்கமாக இருக்கிறார்’ என்ற பொதுவான சொல்லுக்கு மாறாக, ஒருவர் மற்றொருவரிடம் துல்லியமாகத் தெரிவிக்க இது உதவியது.

1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் குடும்பத்துடன் சென்ற சிறுவிமானம் நெப்ராஸ்கா மாநிலத்தில் விழுந்தது. மனைவி இறந்தார், பிள்ளைகள் காயமடைந்தனர். அருகிலிருந்த சிறு மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சை ஒழுங்கற்றிருந்ததைக் கண்ட அவர், காயச் சிகிச்சைக்கு ஒரே வரிசைமுறை வேண்டும் என்று சக மருத்துவர்களுடன் சேர்ந்து உழைத்தார். 1978-இல் முதல் வகுப்பு நடந்தது. மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம், நரம்பு நிலை, உடலை முழுமையாக ஆராய்தல் என்ற ஐந்து படிகளின் வரிசை உலகெங்கும் பரவியது. மருத்துவர்களுக்காகத் தோன்றிய இவ்வரிசை இ.எம்.டி. பயிற்சியிலும் முதுகெலும்பாக அமைந்தது.

மாறும் பாடங்கள்

அடிப்படை அறிவு என்பது மாறாத அறிவு அன்று. பெரியவர்களுக்கு இதயம் திடீரென நின்றால், இரத்தத்தில் சிறிது நேரத்துக்குத் தேவையான ஆக்சிஜன் எஞ்சியிருக்கும். அதை மூளைக்குக் கொண்டு சேர்ப்பதே அவசரத் தேவை. ஆகவே 2010-இல் அமெரிக்க இதயச் சங்கம் வரிசையை மாற்றி, நெஞ்சழுத்தத்தை முதலில் வைத்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்குக் குறைந்தது 5 செ.மீ. ஆழம் என்பது இன்றைய அளவு. நீரில் மூழ்கியோர்க்கு மூச்சளிப்பதன் முதன்மை இன்றும் குறையவில்லை.

கை கால்களை இறுக்கிக் கட்டி இரத்தப்போக்கை நிறுத்தும் பட்டை நெடுங்காலம் கடைசி வழியாகவே கருதப்பட்டது. கட்டிய உறுப்பு அழுகிவிடும் என்ற அச்சமே காரணம். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் அனுபவம் அக்கருத்தை மாற்றியது. பீறிடும் இரத்தத்தை நிறுத்தாமல் மூச்சுப்பாதையைப் பார்ப்பதில் பயனில்லை என்பதால், அதனை வரிசையின் தலைப்பில் வைக்கும் முறை படைகளில் தொடங்கிப் பொதுச் சேவைக்கும் வந்தது.

தமிழ்நாடும் இலங்கையும்

இந்தியாவில் சட்டச் சிக்கல்களும் உயிர்களைப் பறித்தன. ஸ்கூட்டரில் சென்று அடிபட்ட ஒருவரை மருத்துவமனை ஏற்க மறுத்து, 20 கி.மீ. தொலைவிலுள்ள வேறிடத்துக்கு அனுப்ப, அவர் வழியிலேயே இறந்தார். இதையொட்டித் தொடரப்பட்ட பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம், காவல்துறை நடைமுறைகளுக்காகக் காத்திராமல் உயிர்காக்கும் சிகிச்சை அளிப்பது அரசு, தனியார் மருத்துவர் அனைவரின் கடமை என்று தீர்ப்பளித்தது. உதவ முன்வருவோரைப் பாதுகாக்கும் பிரிவு 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

ஹைதராபாத்தில் 2005-இல் தொடங்கிய 108 சேவை, 2008 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டுக்கு வந்தது. ஒவ்வொரு வண்டியிலும் ஓர் ஓட்டுநரும் ஒரு மருத்துவ உதவியாளரும் இருப்பர். செவிலியர் படிப்பு முடித்தவர்கள் மட்டுமன்றி, விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் போன்ற பாடங்களில் பட்டம் பெற்றவர்களும் இப்பணிக்குத் தேர்வாகின்றனர். நேற்றுவரை தாவரவியல் படித்த ஒருவர், பயிற்சிக்குப் பின் மலைப்பாதையில் நிறுத்திய வண்டிக்குள் பிரசவம் பார்க்கும் நிலை இவ்வாறு உருவாயிற்று. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. ஆம்புலன்ஸ் எந்த மருத்துவமனை நோக்கிச் செல்வது என்பதில் பணத்தைப் பற்றிய தயக்கத்தை இது குறைத்தது.

இலங்கையில் ‘சுவசெரிய’ எனப்படும் 1990 ஆம்புலன்ஸ் சேவை இந்திய அரசின் நிதியுதவியுடன் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. 2018 ஜூலையில் அது வட மாகாணத்துக்கும் விரிவடைந்தது; அதன் தொடக்க நிகழ்ச்சி யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது.

முடிவுரை

மூச்சும் இரத்த ஓட்டமும் நின்றால் நான்கு முதல் ஆறு நிமிடங்களில் மூளை பழுதடையத் தொடங்குகிறது. எந்த ஊரிலும் மருத்துவர் ஒருவர் அதற்குள் நிகழ்விடத்துக்கு வந்து சேர்வது அரிது. ஆகவே அந்த நிமிடங்களுக்கு உரிய அறிவு மருத்துவக் கல்லூரிக்குள் மட்டும் தங்கிவிடக் கூடாது என்பதே இவ்வரலாறு தரும் முடிவு. பால்டிமோர் ஆய்வுக்கூடத்தில் சாதாரண மக்கள் ஊதிய மூச்சும், பிட்ஸ்பர்க் தெருக்களில் வேலையற்ற இளைஞர்கள் காத்த உயிர்களும் அதனை மெய்ப்பித்தன. பயிற்சியில் சேரும் மாணவர் மனப்பாடம் செய்யும் ஒவ்வொரு படிக்குப் பின்னாலும், அந்தப் படி தெரியாமல் போனதால் இறந்த சிலர் இருக்கின்றனர். அந்த வரிசையை மாற்றாமல் செய்வது ஏன் கட்டாயம் என்பதற்கு அதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.